உச்சியில் இருப்பவர்கள் ஏன் பாயில் இறங்குகிறார்கள்?

கேள்வி இதுதான்: தொழில், அரசியல், கலை எனத் தங்கள் துறையில் உயரம் தொட்ட பலர் ஜூடோ, ஜியு-ஜிட்சு, கராத்தே, குத்துச்சண்டை என்று ஏதாவது ஒன்றைப் பயில்கிறார்களே, ஏன்? அதனால் ஒருவருடைய ஆளுமை உண்மையிலேயே வளர்கிறதா, அல்லது அது வசதி படைத்தவர்களின் மோஸ்தர்தானா?

ஜூடோவைப் பல ஆண்டுகளாகப் பயின்றும் பயிற்றுவித்தும் வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். வளர்ச்சி உண்டு. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களுக்குள் அது இல்லை. ஒழுக்கம் வரும், உடல் உறுதியாகும், தன்னம்பிக்கை கூடும் என்பார்கள். மூன்றும் மெய்தான். அதிகாலையில் எழுந்து ஓடுகிறவருக்கும் அவை கிடைக்கின்றன. வீணை கற்கிறவருக்கு ஒழுக்கம் குறைவாகவா வருகிறது? தற்காப்புக் கலை மட்டுமே தரக்கூடியது வேறொன்று. எதிரில் நிற்பவர் முழு பலத்தோடு உங்களை மறுக்கிறார். அந்த மறுப்பை உங்கள் பதவியோ, பெயரோ, பணமோ ஒரு நூலளவும் அசைக்க முடியாது. உச்சியில் இருப்பவர்கள் இதைத் தேடித்தான் வருகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தற்காப்புக் கலை பயின்றதால்தான் இவர்கள் வெற்றி பெற்றார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். காலவரிசை அதற்கு இடம் கொடுப்பதில்லை. மார்க் சக்கர்பெர்க் ஃபேஸ்புக்கைத் தொடங்கியது 2004-ல். அவர் ஜியு-ஜிட்சு போட்டியில் முதன்முறையாக இறங்கியது 2023-ல். சமையல் கலைஞரும் தொலைக்காட்சிப் பயணியுமான ஆண்டனி போர்டெய்ன் ஜியு-ஜிட்சு கற்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 58. உலகம் அவரை அதற்கு முன்பே அறிந்திருந்தது. தியடோர் ரூஸ்வெல்ட் 1904-ல் ஜூடோ கற்றபோது அமெரிக்காவின் குடியரசுத் தலைவர். இவர்கள் யாரும் இந்தக் கலையை ஏணியாக வைத்து ஏறியவர்கள் அல்லர். மறுபக்கம், கறுப்பு பெல்ட் வாங்கிவிட்டு எளிய வேலை பார்த்து நிறைவாக வாழ்கிறவர்கள் உலகெங்கும் ஏராளம். பெல்ட் வந்தால் செல்வம் வரும் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: எல்லாம் கிடைத்துவிட்ட ஒருவருக்கு அப்படி என்ன குறைகிறது, அவர் வியர்வை நாறும் ஒரு பயிற்சிக் கூடத்திற்கு வந்து முன்பின் தெரியாத ஓர் இளைஞரிடம் உதை வாங்க?

குறைவது உண்மையான பதில்.

ஒருவர் உயர உயர, அவரிடம் 'இது தவறு' என்று சொல்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அவர் பேசினால் அறையில் தலைகள் ஆடுகின்றன. சாதாரண நகைச்சுவைக்கும் சிரிப்பு வருகிறது. எடுத்த முடிவு சரியா என்று தெரிய மூன்று ஆண்டுகள், ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. தெரியவரும்போதும் சந்தை நிலவரம், அதிர்ஷ்டம், பிறருடைய உழைப்பு எல்லாம் அதில் கலந்துவிடுகின்றன. தன் பங்கு எவ்வளவு என்று அவரால் பிரித்தறிய முடிவதில்லை. பயிற்சிக் கூடத்தில் விரித்திருக்கும் பாயின் மேல் அந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் எடை வைத்த விதம் தவறென்றால் இரண்டு நொடிக்குள் முதுகு தரையில் இருக்கும். யாரையும் குறை சொல்ல வழியில்லை. தவறும் அதன் விளைவும் இவ்வளவு அருகருகே வரும் இடங்கள் வயது வந்தவர்களின் வாழ்க்கையில் மிகச் சில.

இந்த நேர்மை எல்லாத் தற்காப்புக் கலைகளிலும் தானாக இருப்பதில்லை. அதை ஒரு முறையாக வடித்துக் கொடுத்தவர், ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அவருடைய வாழ்க்கையே பாதிப் பதில்.

கானோ 1860-ல் பிறந்தார். குட்டையான, மெலிந்த சிறுவன். படிப்பில் கெட்டிக்காரன். விடுதிப் பள்ளியில் முரட்டு மாணவர்கள் அவரைப் படாதபாடு படுத்தினார்கள். அந்தக் காலத்து ஜப்பானில், ஜூடோவுக்கு முந்தைய பழைய தற்காப்புக் கலையான ஜுஜுட்சு மதிப்பிழந்து கிடந்தது. ஆசானைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 1877-ல் ஃபுகுடா ஹச்சினொசுகே என்ற ஆசானிடம் சேர்ந்தார். எதிராளியைத் தூக்கி வீழ்த்தும் ஓர் எறியை ஆசான் செய்துகாட்டியபோது, 'கையை எப்படி வைக்க வேண்டும், காலை எங்கே ஊன்ற வேண்டும்' என்று கானோ விளக்கம் கேட்டிருக்கிறார். ஆசான் பதில் சொல்லாமல் அவரை மறுபடியும் தூக்கி எறிந்தார். எழுந்து மறுபடி கேட்டார், மறுபடியும் எறிந்தார். விளக்கத்தால் இது வராது, எண்ணிக்கையால்தான் வரும் என்பதே அந்த ஆசானின் பாடம்.

அதே கூடத்தில் கானோவைவிட மிகவும் பெருத்த உடல்வாகு கொண்ட ஒரு மாணவர் இருந்தார். அவரை கானோவால் அசைக்க முடியவில்லை. கற்ற எறி எதுவும் பலிக்காமல் போகவே, கானோ நூலகத்திற்குப் போய் மேற்கத்திய மல்யுத்தம் பற்றிய நூல்களைப் புரட்டினார். எதிராளியைத் தோள்மேல் ஏற்றிச் சுழற்றி வீழ்த்தும் ஓர் உத்தி அகப்பட்டது. அதைப் பழகி வந்து அந்தப் பெரிய மனிதரைத் தூக்கி எறிந்தார். இன்றும் ஜூடோவில் கதா-குருமா என்ற பெயரில் அந்த எறி கற்பிக்கப்படுகிறது. தோல்வி அவரை நூலகத்திற்கு அனுப்பியது. நூலகத்தில் கிடைத்ததைப் பாய் சோதித்துப் பார்த்தது. ஆராய்ச்சியாளர் ஒருவர் ஆய்வகத்தில் செய்வது இதைத்தான்.

1882-ல், தம் 21-ஆம் வயதில், ஒரு புத்த ஆலயத்தின் 12 பாய் விரிப்பு அளவுள்ள இடத்தில் கானோ கொடோகான் என்ற தம் ஜூடோ பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அவர் செய்த பெரிய மாற்றம் வெளிப்பார்வைக்குக் கலையை மென்மையாக்கியது போலத் தோன்றும். அடி, உதை, மூட்டை உடைக்கும் சில பிடிகள் ஆகிய ஆபத்தான உத்திகளைத் தனியாக எடுத்து, முன்கூட்டியே வகுத்த 'கட்டா' வரிசைகளுக்குள் வைத்தார். எஞ்சிய எறிகளையும் பிடிகளையும் 'ரந்தோரி' என்னும் கட்டற்ற பயிற்சிக்கு ஒதுக்கினார். விளைவு என்ன? கொடிய உத்தியை யாரும் துணையாளர்மேல் முழு பலத்துடன் பழக முடியாது; பழகினால் அடுத்த நாள் துணையாளரே இருக்க மாட்டார். ஆபத்துக் குறைந்த உத்தியை ஒவ்வொரு நாளும் முழு வேகத்தில், முழுமையாக மறுக்கும் ஒருவர்மேல் பழகலாம். ஆண்டுக்கணக்கில் அப்படிப் பழகியவரின் எளிய எறி, பாவனையாக மட்டுமே பழகிய 'மரண அடி'யைவிட நம்பகமானது. பாதுகாப்பைக் கூட்டியதால் உண்மையும் கூடியது. பிரேசிலில் வளர்ந்த ஜியு-ஜிட்சுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான். கொடோகானில் பயின்ற மயேடா மிட்சுயோ 1914-ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவர் வழியாக கிரேசி குடும்பத்துக்கு வந்த கலை அங்கே தரைப் பிடிகளில் தனிப் பாதை கண்டது.

கானோ சண்டைக்காரராக மட்டும் வாழவில்லை. பல்கலைக்கழகத்தில் அரசியலும் பொருளியலும் படித்தவர். டோக்கியோ உயர்நிலை ஆசிரியர் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர். 1909-ல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் உறுப்பினரான முதல் ஆசியர். அவர் ஜூடோவுக்கு வகுத்த இலக்கில் எதிரியை வீழ்த்துவது முதலிடத்தில் இல்லை. உள்ள ஆற்றலை மிகச் சிறந்த வகையில் பயன்படுத்துவது, தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுவது என்ற இரண்டையும்தான் அவர் கொள்கையாக வைத்தார். இரண்டாவதைப் பலர் அலங்கார வாசகமாக நினைக்கிறார்கள். பாயில் நின்றவர்களுக்கு அது நடைமுறை. துணையாளர் தன் உடலை உங்களிடம் நம்பிக் கொடுக்கிறார். அவரைக் காயப்படுத்தினால் உங்கள் கற்றலும் அன்றோடு நின்றுபோகும்.

இனி தோல்விக்கு வருவோம். ஜியு-ஜிட்சுவிலும் ஜூடோவின் தரைப் பிடிகளிலும் சரணடைவதற்கு ஒரு வழி உண்டு: எதிராளியின் உடலிலோ பாயிலோ கையால் தட்டுவது. தட்டியவுடன் பிடி தளர வேண்டும்; இது மீறக்கூடாத விதி. கழுத்தின் இருபுறமும் உள்ள பெரிய தமனிகளை அழுத்தும் பிடி சரியாக விழுந்தால் பத்து நொடிக்குள் நினைவு தப்பக்கூடும். ஆகவே தட்டுவதா வேண்டாமா என்று கௌரவம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. புதிதாக வருகிறவர்களில், தம் வேலையில் பெரிய பொறுப்பில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் தாமதமாகத் தட்டுகிறார்கள் என்பதை நான் கவனித்திருக்கிறேன். முகம் சிவந்து, கண் பிதுங்கி, இனி முடியாது என்ற கடைசிக் கணத்தில் தட்டுவார்கள். சில மாதங்கள் போனபின் அதே மனிதர் பிடி முழுதாக விழுவதற்கு முன்பே தட்டிவிட்டு, 'இது எப்படி விழுந்தது, இன்னொரு முறை காட்டுங்கள்' என்று கேட்பார். அந்த மாற்றத்தைப் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் பெரும் மகிழ்ச்சி. ஒரு மாலைக்குள் பல முறை தோற்று, ஒவ்வொரு தோல்வியும் அடுத்த நிமிடமே கேள்வியாக மாறுகிறது. தோற்றதைச் சுற்றிக் கதை கட்டும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடுகிறது.

சீனத் தற்காப்புக் கலையான தாய் சியின் ஆசான் செங் மான்-சிங் இதை வெளிப்படையாகவே கற்பித்தார். ஓவியம், கவிதை, எழுத்தணி, மருத்துவம் ஆகியவற்றிலும் தேர்ந்தவர் அவர். 1960-களில் நியூயார்க்கில் பயிற்சிக் கூடம் நடத்தினார். கற்க விரும்புகிறவர் முதலில் தோல்வியில் முதலீடு செய்ய வேண்டும் என்பது அவருடைய போதனை. இருவர் கையோடு கை வைத்துத் தள்ளிப் பழகும்போது, தள்ளப்படாமல் இருக்க உடலை விறைத்துக்கொண்டால் அன்றைக்கு வெல்லலாம், கலை வராது. தள்ளப்படச் சம்மதித்து, எங்கே விறைப்பு இருக்கிறது என்று கவனித்தால்தான் நுட்பம் பிடிபடும். அமெரிக்கச் சதுரங்க வீரர் ஜோஷ் வெய்ட்ஸ்கின் இந்தப் பாதையில் போனவர். இளமையிலேயே சதுரங்கத்தில் பெயர் பெற்று சர்வதேச மாஸ்டர் ஆனவர், பிறகு தாய் சியில் அடிப்படையிலிருந்து தொடங்கி, 2004-ல் தைவானில் கைத்தள்ளுப் போட்டியில் உலகப் பட்டம் வென்றார். ஒரு துறையில் ஏற்கெனவே புகழ்பெற்றவர் இன்னொன்றில் தொடக்க மாணவராக நிற்கச் சம்மதித்ததைத்தான் அவர் கதையில் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ரூஸ்வெல்ட்டையும் இந்த ஒளியில் பார்க்கலாம். ஆஸ்துமாவால் அவதிப்பட்ட குழந்தையாக வளர்ந்து, உடற்பயிற்சியால் தன்னைத் தேற்றிக்கொண்டவர். குடியரசுத் தலைவரானபின் கானோவின் மாணவரான யமஷிடா யொஷியாகியை வெள்ளை மாளிகைக்கே வரவழைத்து ஜூடோ கற்றார். யமஷிடா உருவத்தில் அவரைவிட மிகச் சிறியவர். 1904 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் தன் மூத்த மகன் டெட்டுக்கு எழுதிய கடிதத்தில், கணுக்கால், மணிக்கட்டு, கட்டைவிரல் என்று வீங்கிய இடங்களை வரிசையாகச் சொல்லி, உடம்பெல்லாம் கன்றிப்போயிருப்பதையும் குறிப்பிடுகிறார். ஒரு நாட்டின் தலைவரைத் தரையில் போடும் துணிவு அமைச்சரவையில் யாருக்கு இருந்திருக்கும்? பாயில் ஒருவருக்கு இருந்தது. அதற்காகத்தான் அவரை அழைத்திருந்தார்கள்.

இரண்டாவதாகக் கிடைப்பது அழுத்தத்திற்குள் மூச்சு விடும் திறமை. இது உடலியல் சார்ந்தது. ஆதலால் பூடகம் எதுவும் தேவையில்லை. உங்களைவிடக் கனமான ஒருவர் உங்கள் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்தால் உடல் அபாய மணி அடிக்கும். இதயம் படபடக்கும், மூச்சு நின்றுவிடும் அல்லது நெஞ்சின் மேல்பகுதியிலேயே துள்ளும், பார்வை குறுகும். புதியவர்கள் இரண்டு நிமிடத்தில் களைத்து விழுவதற்குத் தசை பலமின்மை பெரிய காரணமில்லை; மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாத் தசைகளையும் ஒரே நேரத்தில் இறுக்குவதுதான் காரணம். நாங்கள் முதலில் சொல்வது, 'மூச்சை வெளியே விடுங்கள்' என்பதுதான். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. துடிப்பு தணிந்தால் பார்வை விரிகிறது. அப்போதுதான் எதிராளியின் எந்தக் கை தளர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் எடை குறைவு என்று தெரியவரும். இதை நூற்றுக்கணக்கான முறை பழகியவரின் உடல், அபாய மணி அடிக்கும்போதும் சிந்திக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது.

இது பாய்க்கு வெளியே பயன்படுமா? இங்கே நிதானமாகப் பேச வேண்டும். ஒரு துறையில் பெற்ற திறமை இன்னொன்றுக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை என்பது கற்றல் உளவியலில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட உண்மை. அருமையாக எறிகிற ஒருவர் அதனாலேயே நல்ல பேச்சுவார்த்தையாளர் ஆகிவிட மாட்டார். ஆனால் அபாய மணி ஒன்றேதான். கடுமையான கேள்வி கேட்கும் முதலீட்டாளர் எதிரில் இருக்கும்போதும் அதே மூச்சு அடைக்கிறது, அதே பார்வை குறுகுகிறது. அந்தக் கணத்தை அடையாளம் கண்டு வெளிமூச்சை நீட்டத் தெரிந்தவருக்கு ஓரிரு நொடி அவகாசம் கிடைக்கிறது. அவ்வளவுதான் நான் உறுதி சொல்வேன். அந்த அவகாசத்தில் என்ன பேசுவது என்பதற்கு அவருடைய துறை அறிவுதான் துணை.

ஆய்வுகள் பற்றிக் கேட்பவர்களுக்கு இரண்டைச் சொல்கிறேன். 1986-ல் மைக்கேல் ட்ருல்சன் வெளியிட்ட ஆய்வில், தவறான வழியில் போகக்கூடியவர்கள் என்று கணிக்கப்பட்ட 13 முதல் 17 வயது வரையிலான 34 சிறுவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு தியானம், மரியாதை, நெறி விளக்கம் ஆகியவற்றோடு கூடிய, கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவின் மரபான வடிவம். இன்னொரு குழுவுக்கு அவையெல்லாம் நீக்கிய வெறும் சண்டை உத்திகள். மூன்றாவது குழுவுக்கு ஓட்டம் போன்ற பொதுவான உடற்பயிற்சி. ஆறு மாத முடிவில் மரபான குழுவில் மூர்க்கமும் பதற்றமும் குறைந்தன, தன்மதிப்பு உயர்ந்தது. வெறும் சண்டை கற்ற குழுவில் மூர்க்கம் கூடியிருந்தது. 2004-ல் கிம்பர்லி லேக்ஸ், வில்லியம் ஹாய்ட் இருவரும் 207 பள்ளிக் குழந்தைகளிடம் மூன்று மாதம் செய்த ஆய்வில், வழக்கமான உடற்கல்வி வகுப்புக்குப் போனவர்களைவிட டேக்வாண்டோ கற்றவர்களின் தன்னடக்கத் திறன்கள் கூடுதலாக முன்னேறின. முதல் ஆய்வில் எண்ணிக்கை சிறியது. இரண்டும் இளையோரைப் பற்றியவை. பெரிய பொறுப்பில் இருக்கும் நடுவயதினருக்கு இவற்றை அப்படியே பொருத்தக்கூடாது. என்றாலும் ட்ருல்சனின் முடிவு என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: கலை நல்லவராக்கும் என்பதில்லை, அது எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதே ஆளை ஆக்கவும் கெடுக்கவும் செய்கிறது.

வணங்கிவிட்டு உள்ளே வருவது, துணையாளருக்கு நன்றி சொல்வது போன்ற சடங்குகளைச் சிலர் வெற்று நடிப்பென்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1964-ல் ஜூடோ முதன்முறையாக டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. எடை வரம்பற்ற பிரிவின் இறுதியில் நெதர்லாந்தின் அன்டன் ஹேசிங்க், ஜப்பானின் கமினாகாவைத் தரையில் பிடித்து வென்றார். சொந்த மண்ணில் அந்தப் பட்டத்தை ஜப்பான் இழந்த அதிர்ச்சியில் அரங்கம் உறைந்திருக்க, நெதர்லாந்து ஆதரவாளர்கள் குதூகலத்தோடு பாயை நோக்கி ஓடிவந்தார்கள். ஹேசிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். வாழ்நாளின் ஆகப் பெரிய வெற்றி கைக்கு வந்த அந்த நொடியில், தோற்றவரின் கௌரவத்தை நினைக்க அவருடைய உடலே பழகியிருந்தது. பல்லாயிரம் முறை குனிந்து வணங்கியதன் பலன் அது என்று நான் நம்புகிறேன்.

மெதுவாகக் கற்பது என்பதும் இந்தக் கலைகளின் கொடை. ஒரு கட்டாவுக்கு மூன்று ஆண்டு என்பது பழைய ஒகினாவா கராத்தே வழக்கு. 1922-ல் கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனகோஷி கிச்சின் அப்படி வளர்ந்தவர்தான்; தொழில்முறையில் அவர் பள்ளி ஆசிரியர். களரிப்பயிற்றில் முதலில் உடலைப் பதப்படுத்தும் மெய்த்தாரி, பிறகு கோல், அதன்பிறகே வாள் முதலான ஆயுதங்கள், கடைசியில் வெறுங்கை என்ற ஏறுவரிசை இன்றும் இருக்கிறது. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் கறுப்பு பெல்ட்டுக்குப் பொதுவாகப் பத்தாண்டு ஆகும். எதையும் ஆள் வைத்துச் செய்துகொள்ளக்கூடிய ஒருவருக்கு, ஆள் வைத்துக் கற்க முடியாத ஒன்று கிடைப்பது பெரிய விஷயம். போர்டெய்ன் பயணம் போன ஊர்களில் எல்லாம் பயிற்சிக் கூடத்தைத் தேடிப் போனார். 2016-ல் நியூயார்க்கில் தம் வயதுப் பிரிவில், நீல பெல்ட் நிலையில் தங்கம் வென்றார். நீல பெல்ட் என்பது வெள்ளைக்கு அடுத்த படி. உலகப் புகழோடு ஒப்பிட்டால் அந்தப் பதக்கம் ஒன்றுமில்லை. அவருக்கு அது அப்படி இருக்கவில்லை. அதை எந்தப் புகழாலும் வாங்கியிருக்க முடியாது.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. மாதக் கட்டணத்தோடு பெல்ட்டும் தவறாமல் வந்துசேரும் கூடங்கள் உண்டு. அங்கே ஒரு நிறுவனத் தலைவர் சேர்ந்தால், மாஸ்டர் மெல்லத் தொட்டதும் மாணவர்கள் பறந்து விழுகிற மாதிரி, அவர் தொட்டதற்கும் விழுவார்கள். அலுவலகத்தில் தலையாட்டும் கூட்டத்திலிருந்து தப்பிவந்தவர், சீருடை அணிந்த தலையாட்டும் கூட்டத்தில் சிக்கிக்கொள்கிறார். பெரிய மனிதர்களுக்கு மேடையில் கௌரவ கறுப்பு பெல்ட் கட்டிவிடும் வழக்கமும் எனக்கு ஒப்பாதது. மாணவர்களுக்கு அது மிகத் தவறான செய்தியைச் சொல்கிறது. இன்னும் சிலர் பாயில் கிடைத்த பலத்தை வெளியே மிரட்டுவதற்குக் கொண்டுபோகிறார்கள். கலையில் தேர்ந்தவர்களிலும் கொடியவர்கள் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள்.

காயமும் மெய். சக்கர்பெர்க் 2023 நவம்பரில் பயிற்சிச் சண்டையின்போது முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ரூஸ்வெல்ட் குத்துச்சண்டைப் பயிற்சியில் கண்ணில் வாங்கிய ஓர் அடியால் இடது கண் பார்வையை இழந்தார். அறிவால் பிழைக்கிறவர்கள் தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கும் பயிற்சியில் இறங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. குத்துச்சண்டையின் கால்வேலையும் பையில் குத்திப் பழகுவதும் அருமையான பயிற்சி. கடுமையான ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, வேறு கணக்கு. எதிர்ப்பின் உண்மையும் வேண்டும், மூளையும் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் ஜூடோ, ஜியு-ஜிட்சு, மல்யுத்தம் போன்ற பிடிக் கலைகளே என் பரிந்துரை. அறுபதைக் கடந்தவர்களுக்கும் மூட்டுத் தொந்தரவு உள்ளவர்களுக்கும் தாய் சி நல்ல தொடக்கம். முதியவர்கள் தடுமாறி விழுவதை அது குறைக்கிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. சிலம்பம் போன்ற ஆயுதக் கலைகளில் துணையாளரோடு வீச்சு மாற்றிப் பழகும் நிலைக்குப் போனால்தான் நான் மேலே சொன்ன மறுப்பு கிடைக்கும். தனியாகச் சுழற்றிக்கொண்டிருக்கும் வரை அது நல்ல உடற்பயிற்சி.

நீங்களே தொடங்க எண்ணினால், சேருவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். மூத்த மாணவர்கள் புதியவர்களைக் கையாளும் விதத்தைக் கவனியுங்கள். தட்டிய உடனே பிடியை விடுகிறார்களா? ஐம்பது வயதுக்காரரும் ஒல்லியான பெண்ணும் பயமின்றிப் பயில்கிறார்களா? மாஸ்டரிடம் மாணவர் எதிர்க்கேள்வி கேட்டால் அவர் முகம் எப்படி மாறுகிறது? மாஸ்டரே இன்னும் மாணவர்களோடு இறங்கிப் பயிற்சி செய்கிறாரா, அவரும் எப்போதாவது பிடியில் மாட்டிச் சிரித்துக்கொண்டே தட்டுகிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வரும் கூடம் கிடைத்தால் சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்குகிறது என்று எண்ண வேண்டாம்.

உங்கள் பதவியை அங்கே யாரிடமும் சொல்லாதீர்கள். தனிப் பயிற்சி ஏற்பாடு செய்துகொண்டு பொது வகுப்பைத் தவிர்க்காதீர்கள். தனிப் பயிற்சியில் உத்தி வேகமாக வரும் என்பது உண்மைதான். ஆனால் சம்பளம் வாங்குகிற ஒருவர் உங்களை எவ்வளவு கடுமையாக மறுப்பார் என்பதில் எனக்கு எப்போதும் ஐயம் உண்டு. கல்லூரி மாணவரோடும், உங்களைவிட எடை கூடிய பளு தூக்குபவரோடும், உங்களைவிடப் பாதி எடையுள்ள பழைய மாணவியோடும் மாறி மாறிப் பயிலும்போதுதான் பலன். அந்த மாணவி உங்களை எளிதாகத் தரையில் போடும் நாளில் பலத்தைப் பற்றிய உங்கள் எண்ணம் மாறும்.

நாற்பதைக் கடந்தவராக இருந்தால் மருத்துவரிடம் இதயத்தையும் கழுத்து, முழங்கால் மூட்டுகளையும் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். பழைய காயம் இருந்தால் மாஸ்டரிடமும், ஒவ்வொரு சுற்றுக்கு முன் துணையாளரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாரம் இரண்டு நாள் போதும். முதல் மாதத்திலேயே ஐந்து நாள் போய் விலாவில் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். தொடக்க வாரங்களில் விழுவதற்குத்தான் சொல்லித் தருவார்கள்: தாடையை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, கையால் பாயை அறைந்து விழ வேண்டும். சலிப்பாக இருக்கும், அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஆறு மாதம் விடாமல் போன பிறகு, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுங்கள். அதற்கு முன் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தசைவலியின் முடிவாக இருக்கும்.